உப்பு ஏறிய மெஷின்

“கொலை வரும், கடத்தல் வரும்னு அக்காகிட்ட சொல்லித்தானே மாமா என்னைக் கூட்டிட்டு வந்தீங்க? இப்ப பாருங்க. காபி மெஷின் வந்திருக்கு.”

கொக்கி பதில் பேசவில்லை. பேசினால் கோபம் வரும். கோபம் வந்தால் கையில் பிடித்திருக்கும் டார்ச் லைட்டை மச்சானின் மண்டையில் போட வேண்டியிருக்கும். அப்புறம் வெளிச்சம் யார் காட்டுவது?

கேள்வியைப் போட்டால் ஆளை இழுத்துக்கொண்டுதான் வெளியே வரும் என்பதால் அவனுக்குக் கொக்கி என்று பெயர். துப்பறியும் தொழிலில் தலை நரைத்தவன். ரம்பம் அவன் மனைவியின் தம்பி. பம்ப் ரிப்பேர் பட்டறையில் வேலை பார்த்தவன். முதலாளி பின்னால் நிற்பது தெரியாமல் முதலாளியைப் போலவே நடந்து காட்டி, அன்றைக்கே வேலையை இழந்தவன். அதன் பிறகு மாமாவின் உதவியாளன்.

இருவரும் ஒரு பல் டாக்டரின் வீட்டுச் சமையலறையில் நின்றிருந்தார்கள். எதிரே மேடைமேல் எஸ்பிரெஸோ மெஷின். முகம் பார்த்து மீசை வெட்டிக்கொள்ளலாம், அப்படிப் பளபளப்பு.

“போட்டுக் காட்டுங்கம்மா,” என்றான் கொக்கி.

டாக்டரம்மா பொத்தானை அழுத்தினாள். மெஷின் ம்ம்ம்ம் என்று முனகியது, உடம்பைக் குலுக்கியது, அடங்கியது. கீழே வைத்த கோப்பையில் ஒரு சொட்டு இல்லை.

“மலச்சிக்கல்,” என்றான் ரம்பம்.

“மச்சான்!”

“நோயைச் சொன்னேன் மாமா.”

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சரியாகத் தூங்காத முகம். கிளினிக்கிலிருந்து நேராக வந்தவள், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. போனில் சொன்னதையே மறுபடி சொன்னாள்.

“கம்பெனிக்குப் போன் பண்ணேன். போனை மெஷின்கிட்ட பிடிக்கச் சொல்லி சத்தத்தைக் கேட்டான். ‘உள்ள உப்பு ஏறியிருக்கு மேடம், ஆள் வர நாளாகும்’னு சொல்லிட்டு வச்சுட்டான். உப்பா? காபி மெஷின்ல எப்படி உப்பு வரும்னு சத்தமா கேட்டுக்கிட்டே திரும்பினா, அப்பா கதவுகிட்ட நிக்கறார். ‘நான்தான் பாப்பா. என் உப்புதான்’கறார்.”

“அவரேவா?”

“அவரேதான். ஏன்ப்பா போட்டீங்கன்னு கேட்டா பதில் கிடையாது. தரையைப் பாக்கறார். புத்தி சரியா இருக்கிறவங்க காபி மெஷின்ல உப்பைப் போடுவாங்களா?” அவள் குரல் தேய்ந்தது. “முன்னாடி ஒரு தடவை அடுப்பைப் பத்த வச்சுட்டு மறந்துட்டார். சட்டி கருகி வீடெல்லாம் புகை. அன்னைக்கே அடுப்புக் குமிழைக் கழட்டி ஒளிச்சு வச்சுட்டேன். நான் ஒருத்தர் வாய்க்குள்ள கையை விட்டுக்கிட்டு இருக்கும்போது, வீடு எரியுதோ எரியுதோன்னு மனசு அடிச்சுக்குது. எத்தனை நாளைக்கு?”

அடுப்பில் குமிழ் இருக்க வேண்டிய இடங்களில் வெறும் கம்பிக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

“முதியோர் இல்லத்துல இடம் கேட்டிருக்கேன். சாயங்காலம் வண்டி வருது. என் தங்கச்சி வெளிநாட்டுல இருந்துக்கிட்டு, ‘அப்பாவுக்கு ஒண்ணுமில்ல, நீதான் தள்ளிவிடப் பாக்கற’ன்னு போன்ல கத்தறா. நான் சொன்னா நம்ப மாட்டா. வெளியாள் ஒருத்தர் பாத்து, ஆமா, உப்பு உள்ள இருக்கு, அவர்தான் போட்டார்னு சொல்லணும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். மெஷினும் சரியாச்சுன்னா நல்லது.”

ஹாலில் ஒரு பழைய துணிப்பை, ஜிப் இழுத்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கிடங்கில் மூட்டை தூக்கியே இந்த மகளைப் படிக்க வைத்தவர். பிடரியில் காய்ப்பு இன்னும் முட்டை மாதிரி எழும்பி நின்றது. கை இரண்டும் மடியில், யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன கருவிகள்போலக் கிடந்தன.

கொக்கிக்கு எரிச்சலாக இருந்தது. குற்றவாளி ஒத்துக்கொண்டாயிற்று. பை கட்டியாயிற்று. வண்டி வரப்போகிறது. இதில் துப்பறிய என்ன இருக்கிறது? முத்திரை குத்தக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“திற மச்சான்,” என்றான்.

*

ரம்பம் முதலில் பிளக்கைப் பார்த்தான், அப்புறம் காதை மெஷின்மேல் வைத்தான்.

“தண்ணி இல்லாம ஓடுற பம்ப் கத்தும் மாமா. இது முனகுது. தண்ணி வருது, போக வழியில்லை. கல்யாண வீட்டு வாசல் மாதிரி நெருக்குது.”

பக்கவாட்டில் ஒரு மெல்லிய குழாய் தொங்கியது, பாலை நுரைக்க வைக்கும் ஆவிக்குழாய். ரம்பம் அதன் திருகைத் திறந்தான். சுடுதண்ணீர் சர்ரென்று பாய்ந்து அவன் புறங்கையில் விழுந்தது.

“ஐயோ! அம்மா! மாமா!”

“ஒவ்வொருத்தரா கூப்பிடு.”

கையை உதறிக்கொண்டே ரம்பம் சொன்னான், “பம்ப் நிரபராதி. பாய்லரும் நிரபராதி. இந்தப் பக்கம் நல்லா வருது. காபி வர்ற பாதையில மட்டும் அடைப்பு.”

கொக்கி அந்தக் குழாயை டார்ச் அடித்துப் பார்த்தான். கழுத்துப் பகுதி கண்ணாடியாக மின்னியது. ஆனால் கீழ்நுனியில் ஒரு விரல் உயரத்துக்கு வெள்ளைப் பூச்சு. கோடு கிழித்ததுபோல அந்த உயரத்தோடு நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு துணி, நான்காக மடித்து, காயப்போட்டிருந்தது.

“பால் நுரைக்கறது யாரும்மா?”

“யாரும் இல்லை. எனக்குப் பால் ஒத்துக்காது, வெறும் காபிதான். அப்பா காபியே குடிக்க மாட்டார்.”

கொக்கி அந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி ஒரு தட்டில் தட்டினான்.

அடுத்து, காபித்தூள் கைப்பிடி மாட்டும் இடத்துக்கு மேலே இருக்கும் சல்லடை. அதன் நடுவில் ஒரே ஒரு திருகாணி. காபிக் கசடு ஏறி அது இரும்போடு இரும்பாக ஒட்டிக்கிடந்தது. ரம்பம் தலையை மெஷினுக்கு அடியில் கொடுத்து, கழுத்தை ஒடித்து, மூச்சைப் பிடித்துத் திருகினான். திருப்புளி வழுக்கி அவன் மூக்கிலேயே இடித்தது. இன்னொரு முறை. இன்னொரு முறை. திருகாணியின் தலை மழுங்கத் தொடங்கியது.

“இதை மாட்டினவன் கையில கிடைச்சான்னா...”

“கிடைக்க மாட்டான். சுத்தியலை எடு. திருப்புளியை வச்சு ஒரு தட்டு தட்டிட்டுத் திருப்பு.”

தட்டியதும் கழன்றது. சல்லடை கருப்பாக இருந்தது. தேய்த்துக் கழுவி மாட்டினார்கள். பொத்தான். ம்ம்ம்ம். குலுக்கல். ஒரு சொட்டு இல்லை.

ரம்பம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். “உப்பு விக்கப் போனா மழை பெய்யுது, மாவு விக்கப் போனா காத்தடிக்குதுன்னு சும்மாவா சொன்னாங்க?”

“எந்திரி. முதுகுப் பக்கம் திற.”

மெஷினைச் சாய்த்தார்கள். தண்ணீர்த் தொட்டியை எடுக்காமல் சாய்த்தார்கள். தொட்டி மேடையிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து கொக்கியின் காலணிக்கும் காலியாயிற்று. கொக்கி அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த வார்த்தை ஒன்று வெளியே வந்தது. அதை இங்கே அச்சிட முடியாது. டாக்டரம்மா தரை துடைக்கும் துணியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மிச்சத் தண்ணீரைத் தொட்டியிலிருந்து சிங்க்கில் கவிழ்த்தபோது, தொட்டியின் அடியிலிருந்த சின்ன சல்லடையிலிருந்து எதுவோ டிக்கென்று விழுந்தது. கொக்கி குனிந்து எடுத்துப் பார்த்தான், சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“தோட்டம் போடப் போறீங்களா மாமா?”

“வேலையைப் பாரு.”

பின்தகடு கழன்றது. உள்ளே டம்ளர் அளவு பாய்லர். அதன் தலையில் கட்டைவிரல் பருமனில் ஒரு வால்வு. ஒரு பக்கம் பாய்லர், மறுபக்கம் காபிப் பாதை. ரம்பம் மின்சாரத்தைப் பிடுங்கினான், வயரைக் கழற்றினான், ஸ்பேனரைப் போட்டான். வால்வு இரண்டாகப் பிரிந்தது. நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டையில் வெள்ளைச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகிக் கிடந்தன.

டாக்டரம்மா எட்டிப் பார்த்தாள். முகத்தில் வெற்றி இல்லை. வலிதான் இருந்தது.

“உப்பு. பாத்துட்டீங்கல்ல? போதும். இதை என் தங்கச்சிக்குச் சொல்லுங்க.”

ஹாலிலிருந்து பெரியவரின் குரல் வந்தது. “அதான் சொன்னேனே பாப்பா. அவங்களை எதுக்கு சிரமப்படுத்தற? உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்.”

*

“ரெண்டு டம்ளர் தண்ணி குடுங்கம்மா,” என்றான் கொக்கி.

“தாகமா?”

“சந்தேகம்.”

முதல் டம்ளரில் வால்விலிருந்து எடுத்த செதில்களைப் போட்டுக் கலக்கினான். கரண்டி நின்ற பிறகும் அவை அடியில் மணல்போலக் கிடந்தன. மறுபடி கலக்கினான். கரையவில்லை.

“உப்புன்னா கரையணும் இல்லையாம்மா?”

அவள் டம்ளரையே பார்த்தாள்.

ரம்பம் நெற்றியில் அடித்துக்கொண்டான். “அட! கம்பெனிக்காரன் சொன்ன உப்பு வேற உப்பும்மா. தண்ணியிலயே இருக்கிற உப்பு. கெட்டில் அடியில வெள்ளையா படியுமே, அது. பட்டறையில நாங்களும் அதை உப்புன்னுதான் சொல்லுவோம். சாப்பாட்டு உப்புக்கும் அதுக்கும் சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. ஒரே பேர், வேற வேற ஆளு.”

“அப்ப... யாரும் உப்பு போடலையா?”

“மெஷினுக்குள்ள யாரும் போடல.”

“பின்ன எதுக்கு அப்பா ஒத்துக்கிட்டார்?”

கொக்கி முதல் தடவையாக அந்த வீட்டில் நிமிர்ந்து நின்றான். இதுதான் கேஸ். குற்றம் நடந்து ஆள் கிடைக்காமல் அலைந்திருக்கிறான். ஆள் கிடைத்து, குற்றமே நடக்காமல் போவது இதுதான் முதல் தடவை.

“அதுவும் புத்தி பிசகுன்னுதானே அர்த்தம்?” டாக்டரம்மாவின் குரல் நடுங்கியது. “செய்யாததைச் செஞ்சேன்னு சொல்றார்னா, அது இன்னும் மோசமில்லையா?”

கொக்கி தட்டிலிருந்த வெள்ளையை, ஆவிக்குழாய் நுனியில் சுரண்டியதை, இரண்டாவது டம்ளரில் போட்டான். ஒரே கலக்கு. காணாமல் போயிற்று. விரலை நனைத்து நாக்கில் வைத்தான்.

“இது சாப்பாட்டு உப்பு,” என்றான். “உள்ள இருக்கிற உப்பு வேற, வெளிய இருக்கிற உப்பு வேற. உங்கப்பா சொன்னது வெளிய இருக்கிற உப்பை. வாங்க, அவரையே கேப்போம்.”

*

பெரியவர் எழுந்து நிற்கப் பார்த்தார். கொக்கி அவரை உட்கார வைத்து, எதிரே தரையில் சம்மணமிட்டான்.

“எவ்வளவு உப்பு போட்டீங்க, ஐயா?”

“ஒரு கைப்பிடி, தம்பி.”

“எதுல?”

பெரியவர் மகளைப் பார்த்தார்.

“தண்ணித் தொட்டியிலயா?”

“...ஆமா.”

“அந்தத் தொட்டியை எப்படிக் கழட்டறது? எனக்குத் தெரியாம காலெல்லாம் நனைஞ்சுடுச்சு.”

“பின்னாடி கைவச்சு மேல தூக்கி இழுக்கணும். திரும்ப வைக்கும்போது டக்குன்னு சத்தம் வரணும், இல்லாட்டி தண்ணி இறங்காது. கோட்டுக்கு மேல ஊத்தக் கூடாது. குழாயை உபயோகப்படுத்தினதும் ஈரத்துணியால துடைச்சுடணும். காய விட்டா பிடிச்சுக்கும்.”

சொல்லிவிட்டுத்தான் பெரியவர் நாக்கைக் கடித்தார்.

“காபியே குடிக்காதவருக்கு இவ்வளவும் தெரியுது,” என்றான் கொக்கி, தலையைத் திருப்பாமல். “மறதிக்காரர்னு சொன்னீங்களேம்மா?”

பிறகு அவன் பார்வை கீழே இறங்கியது. மூட்டை தூக்கியவர்களின் குதிகால் எப்படி இருக்கும் என்று கொக்கிக்குத் தெரியும். அவன் அப்பாவின் குதிகால் வெடிப்பில் காசைச் செருகி வைக்கலாம். இந்த மனிதரின் பாதம் வெடிப்பில்லாமல், வெளுத்து, ஊறி, மென்மையாக இருந்தது. கணுக்கால் மட்டும் வீங்கியிருந்தது.

“கால் எவ்வளவு நாளா வலிக்குது?”

பெரியவர் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

“என்னப்பா?” டாக்டரம்மா முன்னால் வந்தாள். “கால் வலியா? கேட்டப்பெல்லாம் ஒண்ணுமில்லன்னீங்களே?”

“ஒண்ணுமில்ல பாப்பா. சுடுதண்ணியில உப்பு போட்டு வச்சா அடங்கிடும்.”

“சுடுதண்ணி எங்க...” அவள் நின்றுவிட்டாள். திரும்பி அடுப்பைப் பார்த்தாள். குமிழ் இல்லாத அடுப்பு. மெஷினைப் பார்த்தாள். தொங்கும் குழாயைப் பார்த்தாள்.

“நீ கிளம்பிப் போனதும் வாளியில தண்ணி பிடிச்சு, உப்பைப் போட்டு, அந்தக் குழாயை உள்ள விட்டுத் திறந்துவிடுவேன். ஆவி அடிச்சு சூடாயிடும். தினமும்தான்.” பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “கம்பெனிக்காரன் உப்பு ஏறியிருக்குன்னான். எங்கிருந்து ஏறும்? என் வாளியில இருந்து குழாய் வழியாத்தான் ஏறியிருக்கும். ஆசையா வாங்கின மெஷினைக் கெடுத்துட்டேன். கால் வலின்னு சொன்னா, நீ கிளினிக்கை மூடிட்டு என்கூட உக்காருவ. அதுக்குப் பேசாம புத்தி கெட்டவனாவே போயிடலாம்னுதான்...”

ரம்பம்தான் பேசினான். அவனால் பேசாமல் இருக்க முடியாது.

“ஐயா, குழாயை நான் திறந்து பாத்தேன். தண்ணி தடையில்லாம பாயுது. உங்க உப்பு ஒரு இம்மிகூட மேல ஏறல. நீங்க இந்தக் கேஸ்ல உப்புக்குச் சப்பாணிதான்.”

*

ரம்பம் வால்வைச் சுத்தம் செய்து மாட்டினான். தகட்டை மூடினான். ஒரு திருகாணி மிச்சம் வந்தது. மறுபடி திறந்தான், மாட்டினான், மூடினான். பொத்தானை அழுத்தினான். பம்ப் கத்தியது. தண்ணீர் வரவில்லை.

“இவன் என்னைக் கொல்லாம விடமாட்டான்!” என்று ரம்பம் மெஷினை முறைத்தான்.

“டக்குன்னு சத்தம் வந்துச்சா?” என்றார் பெரியவர் ஹாலிலிருந்து.

ரம்பம் தொட்டியை அழுத்தினான். டக். அடுத்த நொடி காபிப் பாதையிலிருந்து சுடுதண்ணீர் நூல் பிடித்ததுபோல இறங்கியது.

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் முகம் இறுகித்தான் இருந்தது.

“எனக்குப் புரியுது. உப்பு போடல. புத்தி நல்லாத்தான் இருக்கு. ஆனா, வாளி வாளியா தண்ணி காய்ச்சினதாலதானே மெஷின்ல படிஞ்சது? எனக்குத் தெரியாம, சொல்லாம. நாளைக்கு வேற எதையாவது செய்வார். அடுப்பை மறந்தது பொய்யா? மறதி மறதிதான். தனியா விட எனக்குத் தைரியம் இல்லை.”

“அடுப்பை மறந்தது நிஜம்,” என்றார் பெரியவர். “இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. வாசலில் ஹாரன். பெரியவர் பையின் காதைப் பிடித்தார்.

கொக்கி அந்தப் பையைப் பார்த்தான். உண்மையைத் தோண்டி எடுத்து வெளியே போட்டாயிற்று. அது எதையும் நகர்த்தவில்லை. பை போகிறது, வண்டி போகிறது. சட்டைப் பையில் கையை விட்டான். விரலில் அது தட்டுப்பட்டது.

“ஒரு நிமிஷம்மா. இது என்னன்னு பாருங்க.”

உள்ளங்கையில் ஒரு எலுமிச்சை விதை.

“உங்க தண்ணித் தொட்டியில இருந்துச்சு. ஐயா, நீங்க போட்டதா?”

“எலுமிச்சையா? வாளியில உப்பு மட்டும்தான் தம்பி.”

“மச்சான், தண்ணி உப்பு படிஞ்ச பாய்லர்ல எலுமிச்சைச் சாறு விட்டா என்னாகும்?”

“கரையும் மாமா. ஆனா முழுசா விட்டு, ஊற வச்சு, நாலஞ்சு தடவை நல்ல தண்ணியில அலசணும். பாதியில நிறுத்தினா போச்சு. சுவத்துல ஒட்டிக்கிட்டு சும்மா கிடந்தது பேந்து செதில் செதிலா கிளம்பும். நேரா போய் சின்ன ஓட்டையில...” ரம்பம் நிறுத்தினான். மெஷினின் முதுகைப் பார்த்தான். “அடப்பாவி. அதான் செதில். தானா படிஞ்சிருந்தா ஓரமாத்தான் ஒட்டியிருக்கும். கெடுத்தது ஐயா கால் ஊற வச்ச தண்ணி இல்ல மாமா. பாதியில விட்ட எலுமிச்சை.”

டாக்டரம்மா விதையையே பார்த்தாள். புருவம் சுருங்கியது. மெல்ல, யாரோ உள்ளே விளக்கைப் போட்டதுபோல, முகம் மாறியது.

“கிளினிக்ல நர்ஸம்மா சொன்னாங்க,” என்றாள். குரலே எழவில்லை. “காபி ஒரு மாதிரி நாத்தம் அடிக்குதுன்னு சொன்னேன். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஓட விடுங்க, அழுக்கு போயிடும்னாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை... பிழிஞ்சு ஊத்தினேன். ஓட விட்டேன். பாதியில போன் வந்துச்சு. ஒருத்தருக்குப் பல் உடைஞ்சு ரத்தம் நிக்கலைன்னு. அப்படியே ஓடினேன்.”

“வந்து அலசினீங்களா?”

“அலசறதா? நான் அதை...” அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மறந்துட்டீங்க,” என்றான் கொக்கி.

ரம்பம் எதையோ சொல்ல வாயெடுத்தான். கொக்கி அவன் காலை மிதித்தான். ஈரக் காலணியால் நன்றாகவே மிதித்தான்.

வாசலில் ஹாரன் மறுபடி அடித்தது. டாக்டரம்மா வெளியே போனாள். வண்டிக்காரனிடம் என்ன சொன்னாள் என்று உள்ளே கேட்கவில்லை. வண்டி திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே வந்தவள் அப்பாவைப் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் ஒரு இழுப்பறையை இழுத்தாள். மூடினாள். இன்னொன்று. மேல் அலமாரி. கீழ் அலமாரி. பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதின.

“என்னம்மா தேடறீங்க?”

“அடுப்புக் குமிழ்! எங்கயோ வச்சேன். பத்திரமா இருக்கட்டும்னு வச்சேன். சே! எங்க வச்சேன்னே...” அவள் குரல் உடைந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது.

“சோப்புத்தூள் டப்பாவுக்குள்ள,” என்றார் பெரியவர்.

அவள் டப்பாவைத் திறந்து கையை விட்டாள். கை நிறைய வெள்ளைத் தூளோடு குமிழ்கள் வெளியே வந்தன.

“உங்களுக்குத் தெரியுமா?”

“நீ வச்ச அன்னைக்கே தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன்ப்பா எடுக்கல? அடுப்பிலேயே தண்ணி காய்ச்சியிருக்கலாமே?”

“நீ ஒளிச்சு வச்சதை எடுத்தா அது திருட்டு, பாப்பா. மெஷினை நீ ஒளிக்கலயே.”

அவள் குமிழைக் கழுவினாள், துடைத்தாள், குச்சியில் செருகினாள். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றினாள். பற்ற வைத்தாள். அணைத்துப் பார்த்தாள். மறுபடி பற்ற வைத்தாள். பிறகு முதுகைக் காட்டியபடியே உப்பு ஜாடியைத் திறந்தாள்.

“எவ்வளவுப்பா போடணும்?”

“ஒரு கைப்பிடி,” என்றார் பெரியவர். தன் அகலமான உள்ளங்கையை ஒரு முறை பார்த்துக்கொண்டார். “உன் கைக்கு ரெண்டு.”